புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று, நான்கு முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாமே புரிகிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் பாதிக் கேள்விகளுக்கு ‘இதைப் படித்தோமே’ என்று மட்டும்தான் தோன்றுகிறது, விடை வருவதில்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா?

குறைவெல்லாம் இல்லை தம்பி. நீங்கள் பழகியிருப்பது ஒன்று, தேர்வில் கேட்பது இன்னொன்று. நான்காவது முறை படிக்கும்போது வரிகள் எல்லாம் தெரிந்த முகம் மாதிரி இருக்கும். அதைப் ‘புரிந்துவிட்டது’ என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. முகம் தெரிந்தவரின் பெயர் நினைவுக்கு வராமல் அசடு வழிந்திருக்கிறீர்களா? மாதிரித் தேர்வில் உங்களுக்கு நடப்பது அதுதான்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் அதை நான்கு வேளையும் படித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் வேளை மட்டும் படித்தார்கள்; மீதி மூன்று வேளையும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், ‘ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்’ என்று முன்கூட்டியே கேட்டதற்கு அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு முறை படித்த குழுவினர்தான்.

நுழைவுத் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடப்பதில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு பகுதியை, அதாவது மூன்று நான்கு பக்கத்தை, நிதானமாக ஒரு முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். படம், சமன்பாடு, அரைகுறை வாக்கியம் எது வந்தாலும் சரி. எதுவும் வராமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நிமிடம் வீண் இல்லை. படிப்பு அப்போதுதான் நடக்கிறது. உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். இனிமேல் ஒன்றும் வராது என்றான பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்பு எழுத்துதான் நாளைக்குப் படிக்க வேண்டிய பகுதி. மற்றதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை.

மறுநாள் புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன் அதே தலைப்பை இன்னொரு வெறும் தாளில் எழுதுங்கள். அப்புறம் மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு, ஒரு மாதம் விட்டு. இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆகியும் கொஞ்சம்தான் கூடுதலாகப் போனது. மறதிக்கு வேகம் எல்லாம் ஆரம்பத்தில்தான். அதனால்தான் முதல் மீள்பார்வை மறுநாளே வேண்டும், அடுத்தடுத்தவை தள்ளிப் போகலாம்.

கணக்குப் போடும் பாடங்களுக்கும் இதே முறைதான். தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டைப் படித்து, தலையாட்டி, அடுத்ததற்குப் போவதை இன்றோடு விடுங்கள். கேள்வியை மட்டும் படித்துவிட்டுத் தீர்வின் மேல் ஒரு தாளை வைத்து மூடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். அது புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு வரியை மட்டும் திறந்து பாருங்கள்.

இப்படிப் படித்தால் முதல் இரண்டு வாரம் மந்தமாக இருக்கும், எரிச்சல் வரும். ஒரு நாளில் முடிக்கும் பக்கங்கள் பாதியாகக் குறையும். பக்கத்து பெஞ்சுக்காரன் மூன்று பாடம் முன்னால் போய்விடுவான். போகட்டும்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. பயிற்சி மையத்தில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் படிக்கும்படி அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவள் இரவு பத்தரைக்கே தூங்கிவிடுகிறாள். எழுப்பி உட்கார வைக்கலாமா?

எழுப்பாதீர்கள் அம்மா. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது நினைவில் பதிந்து உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் நகரும், நள்ளிரவு வரை தூக்கம் வராது என்று புலம்பும் பிள்ளைகள்தான் அதிகம். பத்தரைக்குத் தானாகத் தூங்கும் பெண் உங்களுக்குக் கிடைத்திருக்கிறாள், விடுங்கள்.

அந்த அட்டவணையைப் போட்டவர் கூட்டிக் கழித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை. 24 மணி நேரத்தில் 14 போனால் மீதி 10. அதில்தான் தூங்கவும், குளிக்கவும், சாப்பிடவும், போய் வரவும் வேண்டும். பள்ளி நேரத்தையும் அந்த 14-ல் சேர்த்துவிட்டார்கள் என்றால், வகுப்பில் உட்கார்ந்திருப்பது படிப்பு என்று அர்த்தமாகிறது. உட்கார்ந்திருப்பது படிப்பில்லை என்பது வகுப்பெடுத்த எல்லோருக்கும் தெரியும்.

மணிக் கணக்கு கேட்பதை நிறுத்திவிட்டு ‘இன்றைக்குப் புத்தகம் பார்க்காமல் எத்தனை தாள் எழுதினாய்?’ என்று கேளுங்கள். பள்ளி நாளில் வீட்டில் மூன்று மணி நேரம் அப்படி எழுதினாலே அது கனமான உழைப்பு. இன்னொன்று: மாலைக்கு மேல் காபி வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்தால் நள்ளிரவில் அதில் பாதி இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: வாரம் இரண்டு மாதிரித் தேர்வு எழுதுகிறேன். ஆறு மாதமாக மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்கிறது. இன்னும் அதிகமாக எழுத வேண்டுமா?

குறைவாக எழுதுங்கள். தேர்வு எழுதி முடித்ததும் என்ன செய்கிறீர்கள்? விடைக் குறிப்பைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டி, சந்தோஷமோ துக்கமோ பட்டுவிட்டு, தாளைத் தூக்கி வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரம் எழுதிய தேர்வைப் பிரித்துப் பார்க்க இன்னொரு மூன்று மணி நேரமாவது வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் அந்தத் தேர்வை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே கிடையாது. தவறான விடைகளைத்தான் கேட்பேன்.

ஒரு தனி நோட்டுப் போடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் அதில் இரண்டு வரி: நான் என்ன நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன். சரியான தீர்வை மட்டும் எழுதி வைத்தால் அது இன்னொரு கைடு ஆகிவிடும். உங்கள் தலைக்குள் போன தப்பான வழிதான் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

என் மாணவர்கள் நோட்டில் அடிக்கடி பார்த்தவற்றைச் சொல்கிறேன். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது முடுக்கம் எவ்வளவு என்று கேட்டால், சுழியம் என்று குறிப்பார்கள். உச்சியில் சுழியமாவது திசைவேகம். புவியீர்ப்பு முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி அப்படியே இருக்கிறது. இது கருத்துப் பிழை. பாடத்துக்குத் திரும்பிப் போனால்தான் தீரும். அடுத்து, கம்பியின் விட்டம் இரு மடங்கானால் மின்தடை என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. ‘பாதி’ என்று எழுதிவிட்டு, ‘கவனக்குறைவு’ என்று நோட்டில் காரணம் சொல்லுவார்கள். விட்டம் இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு, மின்தடை கால் பங்கு. சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்கும்போது பத்தாயிரத்தால் வகுக்காமல் நூறால் வகுப்பதும் இதே குடும்பம்தான். நீளத்தின் மாற்றம் பரப்பில் வர்க்கமாகிறது என்பது இன்னும் கைக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். கவனக்குறைவு என்ற சொல்லை அந்த நோட்டில் எழுதவே கூடாது என்று சொல்லியிருந்தேன். அதை எழுதிவிட்டால் யோசிப்பது நின்றுவிடும்.

‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்ற கேள்வியில் முதல் சரியான கூற்றைக் குறித்துவிட்டு வருபவர்கள் ஒரு தனி ரகம். அதற்குப் பாடம் படிக்க வேண்டியதில்லை. ‘தவறான’, ‘அல்லாத’, ‘மட்டும்’ போன்ற சொற்களை வட்டமிட்டுவிட்டு விடையைப் பார்க்கும் பழக்கம் போதும். கடைசியாக, விடை தெரிந்தும் நேரம் போதாமல் விட்டவை. இவற்றைத் தவறு என்ற கணக்கில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள், அதற்கான மருந்து வேறு.

நான்கு தேர்வுகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரே தப்பு வேறு வேறு உடை போட்டுக்கொண்டு வருவது தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஏழெட்டுத் தப்புகள்தான் மாறி மாறி வரும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. வீட்டில் பாடவாரியாகத்தான் பயிற்சி செய்கிறீர்கள், இல்லையா? இன்றைக்கு ஆற்றல் பாடம், முப்பது கணக்கும் ஆற்றல். மூன்றாவது கணக்குக்குப் பிறகு எந்த வழியில் போவது என்று யோசிக்கவே வேண்டாம், எண்களை மாற்றிப் போட்டால் போதும். தேர்விலோ, உராய்வில்லாத சரிவில் ஒரு கட்டை வழுக்குகிறது என்று வரும். அடியில் அதன் வேகம் கேட்டால் ஆற்றல் மாறா விதி இரண்டே வரியில் முடித்துவிடும். அடிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் முடுக்கம் கண்டுபிடித்து நியூட்டன் விதி வழியாகப் போக வேண்டும். எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதுதான் அங்கே பாதி வேலை, அதற்கு நீங்கள் பயிற்சியே எடுக்கவில்லை.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கணக்கிடச் சொன்னார்கள். வகை வகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரியாகப் பயின்றவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். கலந்து பயின்றவர்கள் 63. அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது, முடித்த பாடங்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு வரும் கணக்குகளைச் செய்யுங்கள்.

கேள்வி: தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வில், தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் சார். நண்பனோ எல்லாவற்றையும் குறி என்கிறான். யார் சொல்வது சரி?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, நான்கு விடைகளில் ஒன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளைக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4-ல் 3 போனால் மிச்சம் 1, அதாவது கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடை நிச்சயமாக இல்லை என்று தள்ள முடிந்தால் லாபம் சுமார் மூன்றில் இரண்டு மதிப்பெண். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை. அப்போதும் குறிக்காமல் விட்டால் அது பயமே தவிர எச்சரிக்கை இல்லை.

ஆனால் முழுக் குருட்டாட்டத்தில் சராசரியை நம்பிக்கொண்டிருக்க முடியாது. இருபது கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தால் எதிர்பார்ப்பு 5 மதிப்பெண் லாபம். அதே சமயம் அந்த இருபதில் மூன்றோ அதற்குக் குறைவோ சரியாகி, கையிலிருப்பதும் குறைய ஐந்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. போதாக்குறைக்கு, கேள்வி போடுகிறவர்கள் சும்மா இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனை இழுக்கும் விடையை வேண்டுமென்றே வைப்பார்கள். மேலே சொன்ன கம்பிக் கேள்வியில் ‘பாதி’ என்பது கட்டாயம் ஒரு விடையாக இருக்கும். அங்கே உள்ளுணர்வை நம்பினால் நான்கில் ஒன்று என்ற வாய்ப்புகூடக் கிடைக்காது.

ஆகவே நான் சொல்வது: ஒரு விடையையாவது காரணத்தோடு தள்ள முடிந்தால் குறியுங்கள், கேள்வியே புரியாவிட்டால் விடுங்கள். இது எல்லாத் தேர்வுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 2016-லிருந்து தவறுக்குக் கழிவே கிடையாது, அங்கே வெறுமனே விடுவதுதான் தப்பு. அதற்கு முன்பு அங்கே ஐந்து விடைகள், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. குருட்டாகக் குறித்தால் சராசரி சரியாகச் சுழியம் வரும்படி அமைத்திருந்தார்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் விதியை இந்த வருடத் தகவல் குறிப்பேட்டில் நீங்களே படியுங்கள். அண்ணன் சொன்னான், அக்கா சொன்னாள் என்று போகாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

கேள்வி: மகனுக்குப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 97 பெர்சென்டைல் வந்திருக்கிறது. நூற்றுக்கு 97 எடுத்தும் முன்னணிக் கல்லூரி கிடைக்காது என்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?

ஐயா, அது நூற்றுக்கு 97 மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு 97 பேர் உங்கள் மகனுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். லட்சம் பேர் எழுதியிருந்தால் சுமார் மூவாயிரம் பேர் அவருக்கு மேலே. பத்து லட்சம் என்றால் முப்பதாயிரம். கல்லூரி வாசலில் எண்ணுவது அந்த வரிசையைத்தான். மகன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தயாராவது? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

பாடம் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் விதம்தான் வேறு. பள்ளித் தேர்வில் பத்து வரி எழுதச் சொல்வதை நுழைவுத் தேர்வு ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கச் சொல்கிறது. புத்தகத்தை மூடி எழுதும் பழக்கம் இரண்டுக்கும் சேர்த்து உழைக்கும். பள்ளித் தேர்வுக்கு முந்தைய ஆறேழு வாரம் மட்டும் விரிவாக எழுதும் பயிற்சிக்குப் போங்கள். அந்த நாட்களில் நுழைவுத் தேர்வுக்குத் தினமும் அரை மணி நேரம், கலந்த கேள்விகளாக இருபது போதும். முழுதாக விட்டுவிட்டு வந்தால் வேகம் திரும்புவதற்கே இரண்டு வாரம் பிடிக்கும்.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. இப்போதே நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

உறவினர்களில் யாராவது பயிற்சி மையம் நடத்துகிறார்களா? கிண்டல்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறுவதில்லை. பின்னம், அடுக்குக்குறி, விகிதம், சமன்பாட்டில் ஒன்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோவது, வரைபடத்தைப் படிப்பது, இதில்தான் சறுக்குவார்கள். இயற்பியல் வரவில்லை என்று அழுதுகொண்டு வருவார்கள், உட்கார வைத்துப் பார்த்தால் பின்னத்தை பின்னத்தால் வகுக்க வராது. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது, அப்புறம் இருக்காது. கால்குலேட்டர் இல்லாமல் தினமும் கால் மணி நேரம் கணக்குப் போடட்டும். கூடவே ஏதாவது ஒரு நல்ல புத்தகத்தை முழுதாகப் படித்து முடிக்கும் பழக்கம் வேண்டும். நான்கு வரி நீளமுள்ள கேள்வியை ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் மதிப்பெண்ணை விடுபவர்கள் ஏராளம். வாசிப்புப் பழக்கம் இல்லாததுதான் காரணம். மருத்துவமா பொறியியலா என்பதை அவன் பதினைந்து வயதுக்கு மேல் சொல்லட்டும்.

கேள்வி: போன முறை தேர்வில் வெற்றி பெறவில்லை. இன்னொரு வருடம் ஒதுக்கி மறுபடி எழுதலாமா? அப்பாவுக்கு விருப்பம், எனக்குப் பாதி மனசு.

பாதி மனசு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதி எது என்று முதலில் பார்க்க வேண்டும். படிப்பே பிடிக்கவில்லையா, அல்லது தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போக வெட்கமா? இரண்டாவது என்றால் அது ஒரு மாதத்தில் போய்விடும். முதலாவது என்றால் ஒரு வருடத்தில் போகாது, அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எழுதுவதென்று முடிவெடுத்தால் ஒரு சோதனை. போன வருட வினாத்தாளை எடுத்து, நேரக் கட்டுப்பாடே இல்லாமல் எழுதிப் பாருங்கள். நேரம் இருந்ததால் மதிப்பெண் நன்றாக ஏறினால் உங்களுக்குப் பாடம் தெரியும், வேகமும் பழக்கமும்தான் குறைவு. இன்னொரு வருடத்தில் அது கூடும். நேரம் இருந்தும் ஏறவில்லை என்றால் அடிப்படையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதுவும் முடியும்தான், ஆனால் போன வருடம் படித்த அதே விதத்தில், அதே குறிப்புகளை வைத்துக்கொண்டு முடியாது. மறுமுறை எழுதுபவர்கள் பலர் செய்வது இதுதான்: தெரிந்த பாடங்களையே திரும்பப் படிப்பார்கள், ஏனென்றால் அது சுகமாக இருக்கும். உங்களுக்குப் பிடிக்காத நான்கு பாடங்களோடு வருடத்தைத் தொடங்குங்கள். எதற்கும், ஏதாவது ஒரு கல்லூரியில் பிடித்த மாற்றுப் படிப்புக்கு விண்ணப்பித்து வையுங்கள். அது இருந்தால் தேர்வறையில் கை கொஞ்சம் குறைவாக நடுங்கும்.

கேள்வி: தேர்வறையில் முதல் பத்து நிமிடம் மூளை காலியாகிவிடுகிறது. அப்புறம் முதலில் குறித்த விடையை மாற்றி மாற்றிக் குழம்புகிறேன். முதலில் தோன்றியதையே நம்பலாமா, மேடம்?

முதல் பத்து நிமிடத்துக்கு வழி, முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயத்தை விடுவதுதான். தாளைப் புரட்டுங்கள், நிச்சயமாகத் தெரிந்த ஐந்து கேள்விகளைத் தேடி முடியுங்கள். கணினியில் எழுதும் தேர்விலும் பெரும்பாலும் கேள்விக்குக் கேள்வி தாவ முடியும், முடியுமா என்று முன்னதாகவே விசாரித்து வையுங்கள். ஐந்து விடை எழுதிய பிறகு மூச்சு தானாகச் சீராகும். மாதிரித் தேர்வையும் உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், மேசை நாற்காலியில் உட்கார்ந்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதிப் பழகினால் அந்தப் பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடும்.

அப்புறம் சுற்றுகளாகப் பிரியுங்கள். நீட் தேர்வில் 180 நிமிடத்துக்கு 180 கேள்விகள். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். ஒரு கேள்வியோடு நான்கு நிமிடம் மல்லுக்கட்டினால் வேறு மூன்று கேள்விகளின் நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிந்தவை, இரண்டாவதில் யோசித்தால் வரும் என்பவை, மிச்சம் கடைசியில். ஜேஇஇ மெயினில் அதே மூன்று மணி நேரத்துக்கு 75 கேள்விகள். அங்கே கொஞ்சம் மல்லுக்கட்டலாம்.

விடையை மாற்றுவது பற்றி: முதலில் தோன்றியதே சரி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆசிரியர்கள் உட்பட. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1,561 கல்லூரி மாணவர்களின் தேர்வுத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். மாற்றியதில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்குப் போயிருந்தது. சரியிலிருந்து தப்புக்குப் போனது 25 சதவீதம். மற்றது தப்பிலிருந்து இன்னொரு தப்பு. மாற்றிக் கெடுத்தது மனசில் முள்ளாக நிற்கிறது, மாற்றிச் சரியானது மறந்துவிடுகிறது. அந்தப் பழமொழி பிறந்த கதை அதுதான்.

ஆனால் உங்கள் குழப்பம் வேறு. காரணம் இல்லாமல் மாற்றுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கேள்வியில் ஒரு சொல்லை விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தாலோ, கணக்கில் ஒரு வரி தப்பு என்று தெரிந்தாலோ தயங்காமல் மாற்றுங்கள். ‘ஏதோ உறுத்துகிறது’ என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். மையில் வட்டம் நிரப்பும் தாளில் பெரும்பாலும் மாற்றவே முடியாது, ஆகவே சந்தேகமுள்ள கேள்விக்கு வினாத்தாளில் மட்டும் சின்னதாகக் குறியிட்டுவிட்டு, விடைத்தாளைக் கடைசிச் சுற்றில் நிரப்புங்கள். நிரப்பும்போது வினா எண்ணையும் வரிசை எண்ணையும் பத்துக் கேள்விக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரி தள்ளி நிரப்பிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.